வேறுபட்ட பொறுப்பா, வேறுபடுத்தப்பட்ட பொறுப்பா?

உலக நாடுகள் கூடிச் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளை இலக்கியம் என்று கொள்வார் இலர். அவை வழக்கறிஞர்க்கும் அமைச்சர்க்கும் உரியவை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பருவநிலை மாநாட்டுச் செய்தி வந்தால் எத்தனை பாகை வெப்பம், எத்தனை கோடி வெள்ளி என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால், சொல்லுக்குச் சொல் நின்று பொருள் கண்டு பழகிய தமிழாசிரியர்க்கு இவ்வுடன்படிக்கைகளைப் போன்ற பயிற்சிக்களம் வேறில்லை என்பேன். இங்கே ஒரு வினைமுற்று மாறினால் ஒரு வல்லரசு உள்ளே வரும், அல்லது வெளியே போகும். ஓர் அடைமொழி சேர்ந்தால் நாற்பது நாடுகளின் கடமை இளகிவிடும். நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லின்மேல் பூசலிட்டபோது அழிந்தது புலமைப் புகழ் மட்டுமே. இங்கே அழிவது கடலோர ஊர்கள்.

இப்பேச்சுகள் அனைத்துக்கும் அடிப்படையாக நிற்கும் தொடர் ஒன்றுண்டு. தமிழில் அது பெரும்பாலும் ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ என்று பெயர்க்கப்படுகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ‘டிஃபரன்ட்’ அன்று, ‘டிஃபரன்ஷியேட்டட்’ என்பது. முன்னது வேறுபட்டது, பின்னது வேறுபடுத்தப்பட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. கையில் ஐந்து விரலும் வேறுபட்டவை; யாரும் அவற்றை வேறுபடுத்தவில்லை. ஆனால் ஆசிரியர் ஒரே வகுப்பில் ஒரு மாணவனுக்குப் பத்துக் கணக்கும் மற்றொருவனுக்கு இரண்டு கணக்கும் கொடுத்தால், அது வேறுபடுத்தப்பட்ட வேலை. அங்கே வேறுபடுத்தியவர் யார், எக்காரணம் பற்றி வேறுபடுத்தினார் என்று கேட்க இடமுண்டு. முதலாவது வெறும் இயல்பு. இரண்டாவதற்கு ஒரு வினைமுதலும் ஒரு காரணமும் வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இந்தப் பேச்சுகளில் நிகழ்ந்தது யாது என்று என்னைக் கேட்டால், ‘வேறுபடுத்தப்பட்ட’ என்பது ‘வேறுபட்ட’ என்பதாகத் தேய்ந்ததே என்பேன். உலகம் பின்னர்ச் செய்த பிழையை நம் மொழிபெயர்ப்பு முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது!

தொடக்கத்தைப் பார்ப்போம். பருவநிலை மாற்றம் குறித்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கை 1992 மே 9ஆம் நாள் நியூயார்க்கில் ஏற்கப்பட்டது. அடுத்த மாதம் பிரேசில் நாட்டு ரியோ நகரில் கூடிய புவி உச்சி மாநாட்டில் நாடுகள் அதில் கையெழுத்திட்டன. அது 1994 மார்ச் 21இல் நடைமுறைக்கு வந்தது. ரியோ மாநாட்டின் ஆயத்தக் குழுவுக்கும் முதன்மைக் குழுவுக்கும் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரின் பேராசிரியர் டாமி கோ என்பது நம்மவர் பலர் மறந்துவிட்ட செய்தி. மாநாட்டுக்கு முன்பாக, அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், வளரும் நாடுகளின் அமைச்சர்கள் கோலாலம்பூரில் கூடித் தம் நிலையை ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். ஆகவே இத்தொடர் உருவான காலத்தில் நம் வட்டாரம் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ரியோவில் இரண்டு ஆவணங்கள் ஒருங்கே நின்றன. ஒன்று, நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத ரியோ அறிக்கை. மற்றொன்று, கட்டுப்படுத்தும் பருவநிலை உடன்படிக்கை. இரண்டிலும் நம் தொடர் இருக்கிறது. ஆனால் இருக்கும் விதம் வேறு. அறிக்கையின் ஏழாம் கொள்கை, உலகச் சுற்றுச்சூழலின் கேட்டுக்கு நாடுகள் வெவ்வேறு அளவில் காரணமாக இருந்தமையால் அவற்றின் பொறுப்புகள் வேறுபடுத்தப்படுகின்றன என்கிறது. காரணம் அங்கே வெளிப்படையாக நிற்கிறது. உடன்படிக்கையின் மூன்றாம் விதியோ, நேர்மையின் அடிப்படையிலும், பொதுவாயும் வேறுபடுத்தப்பட்டும் உள்ள பொறுப்புகளுக்கும் அவரவர் ஆற்றலுக்கும் ஏற்பவும் நாடுகள் நடக்கவேண்டும், வளர்ந்த நாடுகள் முன்னின்று வழிநடத்தவேண்டும் என்று கூறி நின்றுவிடுகிறது. எதனால் வேறுபடுத்தினர் என்ற செய்தி அவ்விதியில் இல்லை.

அப்படியானால் காரணத்தை எங்கே வைத்தனர்? பாயிரத்தில் வைத்தனர். கடந்த காலத்திலும் நிகழ்காலத்திலும் வெளியான புகையின் மிகப் பெரும்பங்கு வளர்ந்த நாடுகளிலிருந்து வந்தது, வளரும் நாடுகளில் ஆள்வீதம் வெளியாவது இன்னும் குறைவு என்பன உடன்படிக்கையின் முகவுரையில் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. பாயிரம் இல்லாததை நூல் என்றே ஏற்காத மரபில் வந்த நமக்கு இது போதும் என்று தோன்றலாம். சட்டத்தின் மரபு அதுவன்று. அங்கே பாயிரம் வழிகாட்டும், கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாத அறிக்கையின் உடலில் காரணம் இருக்கிறது. கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் காரணம் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது. இதைத் தற்செயல் என்று நம்ப என்னால் இயலவில்லை. ஏழாம் கொள்கையை ஏற்கும்போதே அமெரிக்கா ஒரு விளக்கக் குறிப்பை எழுதிச் சேர்த்தது: இதனால் தனக்கு அனைத்துலகக் கடப்பாடோ இழப்பீட்டுப் பொறுப்போ உண்டாகும் என்று பொருள் கொள்வதைத் தான் ஏற்கவில்லை என்பதே அக்குறிப்பின் சாரம். சொல்லின் ஆற்றலை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

பூசல் முழுவதும் ‘பொறுப்பு’ என்ற ஒரு சொல்லின் இருபொருளில் அடங்கிக் கிடக்கிறது. வீட்டில் குடம் உடைந்து கிடந்தால், ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்கிறோம். மறுநாள் தண்ணீர் பிடித்து வைப்பது பற்றிப் பேசும்போது, ‘இது யார் பொறுப்பு?’ என்கிறோம். முன்னதில் பொறுப்பு நடந்துபோனதைப் பற்றியது. பின்னதில் இனி நடக்கவேண்டியதைப் பற்றியது. வறிய நாடுகள் இத்தொடரை முதற்பொருளில் படித்தன: குடத்தை உடைத்தவர் நீங்கள், ஆகவே நீங்களே முன்வரவேண்டும். செல்வ நாடுகள் இரண்டாம் பொருளில் படித்தன: எங்களுக்கு ஆற்றல் மிகுதி, ஆகவே கூடுதலாகத் தூக்குகிறோம். இரண்டு வாசிப்பிலும் தூக்குபவர் ஒருவரே என்பதால் வேறுபாடு இல்லை என்று எண்ணலாகாது. முதல் வாசிப்பில் கொடுப்பது கடன் தீர்ப்பது; இரண்டாவதில் கொடுப்பது ஈகை. கடனைக் கேட்டு வாங்கலாம். ஈகைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கரியமில வாயுவின் இயல்பு முதல் வாசிப்புக்கே துணைநிற்கிறது. வானில் கலந்த அவ்வாயுவின் ஒரு கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்குகிறது. நிலக்கரிப் புகையால் 1900இல் மான்செஸ்டர் ஆலைகள் ஈட்டிய செல்வம் கைமாறிப் போயிருக்கலாம். அந்தப் புகையில் ஒரு பங்கு இன்னும் நம் தலைக்குமேல் இருக்கிறது. தொழிற்புரட்சி தொடங்கியது முதல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு முதலியவற்றால் வெளியான கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. அதன் மக்கள்தொகையோ இன்று உலகில் 4 விழுக்காடு. உலக மக்களில் ஆறில் ஒருவர்க்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே. ஆண்டுக் கணக்கு எடுத்தால் சீனாவே இன்று முதலிடம். அதுவும் மறைக்கத்தக்கதன்று, பின்னர் வருவோம்.

இதைப் பற்றி எழுந்த எழுத்துகளில் தலைசிறந்தது என்று நான் கருதுவது 1991இல் டில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வெளியிட்ட ஒரு சிறு நூல். அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று நாடுவாரியாகப் புகைக் கணக்கிட்டு, இந்தியா, சீனா, பிரேசில் ஆகியவற்றையும் முதன்மைக் குற்றவாளிகள் வரிசையில் நிறுத்தியிருந்தது. இருவரும் அந்தக் கணக்கின் அடியையே ஆட்டினர். வயிற்றுக்காக நெல் விளைவிப்பவன் வயலிலிருந்து எழும் மீத்தேனையும், ஒருவர் உலா வரும் மோட்டார் வண்டியின் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா என்று கேட்டனர். கணக்கில் எல்லாம் டன், அறத்தில் அப்படியில்லை. பிழைப்புக்கான புகை வேறு, ஆடம்பரத்துக்கான புகை வேறு என்ற பாகுபாடு அதன்பின் உலகெங்கும் பரவிற்று. உடன்படிக்கைகளின் விதிகளில் மட்டும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

உடன்படிக்கை வேறுபாட்டை வரைந்தது கருத்தால் அன்று, பட்டியலால். முதற் பட்டியலில் தொழில் வளம் பெற்ற நாடுகளும் சோவியத் வீழ்ச்சிக்குப் பின் தள்ளாடிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் இடம்பெற்றன. பண உதவி செய்யவேண்டிய செல்வ நாடுகளை இரண்டாம் பட்டியல் தனியே சுட்டிற்று. பட்டியலில் இல்லாதவை அனைத்தும் வளரும் நாடுகள். 1997இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் எழுதப்பட்ட நெறிமுறை இப்பட்டியல் மேல்தான் எழுந்தது. முதற் பட்டியல் நாடுகள் 2008 முதல் 2012 முடியத் தம் புகையை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து மொத்தத்தில் 5 விழுக்காடாவது குறைக்கவேண்டும். மற்றவர்க்கு எண் ஏதுமில்லை. ஐரோப்பியச் சமூகம் 8, அமெரிக்கா 7, ஜப்பான் 6 என்று குறைக்க இசைந்தன. ஆஸ்திரேலியாவோ 8 விழுக்காடு கூட்டிக்கொள்ள இசைவு வாங்கிற்று! பட்டியலுக்கு உள்ளேயும் வாதத்திறமை உள்ளவர்க்குச் சலுகை உண்டு என்பது அப்போதே தெரிந்தது.

கியோட்டோவுக்குச் சில மாதங்கள் முன்பே அமெரிக்க மேலவை, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்த உடன்படிக்கையும் வேண்டாம் என்று 95க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் செய்திருந்தது. அமெரிக்கா 1998இல் நெறிமுறையில் கையெழுத்திட்டது, 2001இல் கைவிட்டது. கனடா 2011இல் விலகல் அறிவித்தது. கியோட்டோப் பேச்சுகளின்போது பிரேசில் ஒரு கருத்தை வைத்தது: ஒவ்வொரு நாடும் இதுவரை உலக வெப்பத்தை எவ்வளவு உயர்த்தியதோ அவ்வளவுக்கு ஏற்பப் பொறுப்பைப் பகிர்க என்பது. வேறுபடுத்துவதற்கு ஓர் அளவுகோல் கேட்டால் இதைவிட நேரானது எது? அது ஆய்வுக் குழுக்களிடம் அனுப்பப்பட்டு, ஆய்விலேயே முதுமையடைந்தது.

இங்கே வளரும் நாடுகளின் பக்கத்தையும் ஒருமுறை கடிந்தாகவேண்டும். பட்டியல் பெரும்பாலும் 1992இல் இருந்தபடியே உறைந்துவிட்டது. மெக்சிகோ 1994இலும் தென்கொரியா 1996இலும் செல்வ நாடுகளின் பொருளாதாரக் கழகத்தில் உறுப்பினராயின. பருவநிலைப் பட்டியலில் மட்டும் ஏறவில்லை. கத்தாரும் சவுதி அரேபியாவும் இன்றளவும் உடன்படிக்கையின் கண்ணில் வளரும் நாடுகளே. ஆள்வீதக் கணக்கில் உலகிலேயே மிகுதியாகப் புகை வெளியிடும் நாடுகளில் ஒன்று கத்தார் என்பதை அறிந்தவர்க்கு இது நகைப்பையே தரும். சிங்கப்பூரும் முதற் பட்டியலில் இல்லை. இது சிறு தீவு, காற்றாலைக்கும் நீர்மின்சாரத்துக்கும் இங்கு இடமில்லை என்று சிங்கப்பூர் கூறுவது உண்மையே. உலகப் புகையில் அதன் பங்கு 0.1 விழுக்காடு அளவுதான் என்பதும் உண்மையே. ஆயினும் ஆள்வீத வருவாயில் பல ஐரோப்பிய நாடுகளை முந்திய ஒன்றை, பங்களாதேஷ் இருக்கும் வரிசையிலேயே வைத்திருக்கும் பாகுபாட்டை நேர்மை என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாது. சீனா வரவர வளர்ந்து, ஆள்வீதக் கணக்கிலும் உலகச் சராசரியைக் கடந்துவிட்ட பின்னரும் பட்டியல் அசையவில்லை. கொள்கை உயிருள்ளது, பட்டியல் உயிரற்றது. வளரும் நாடுகள் கொள்கையைக் காப்பதாக எண்ணிப் பட்டியலைக் காத்தன. எதிர்த்தரப்போ பட்டியலின் குறையைக் காட்டிக் கொள்கையையே கரைத்தது.

அந்தக் கரைசல் படிப்படியாக நடந்தது. 2011இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், அனைத்து நாடுகளுக்கும் பொருந்தும் புதிய ஏற்பாட்டுக்குப் பேச்சுத் தொடங்க முடிவாயிற்று. இந்தியாவின் சார்பில் அங்கே நின்று வாதாடியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த அமைச்சர் ஜெயந்தி நடராஜன். கடைசி இரவில் பேராளர்கள் கூடத்தின் நடுவே வட்டமாக நின்றபடியே ஒரு சொல்லுக்கு மல்லாடினர். ‘சட்ட வலுவுடைய ஒப்புக்கொண்ட முடிவு’ என்ற தொடர் அங்கேதான் பிறந்தது. ஆனால் ‘வேறுபடுத்தப்பட்ட பொறுப்புகள்’ என்ற தொடர் அந்த முடிவின் வாசகத்தில் எங்கும் இல்லை. 2013இல் வார்சாவில் ‘கடப்பாடு’ என்ற சொல் போய், ‘பங்களிப்பு’ என்ற சொல் வந்தது. கடப்பாட்டை மீறலாம், பங்களிப்பை எப்படி மீறுவது? கோயில் உண்டியலில் குறைவாகப் போட்டவனை யாரும் வழக்குமன்றத்துக்கு இழுப்பதில்லை.

2014 நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் ஒரு கூட்டறிக்கை விட்டன. பழைய தொடர் அதில் மீண்டும் வந்தது, ஒரு வாலுடன்: ‘வேறுபட்ட தேசியச் சூழ்நிலைகளின் ஒளியில்’. அடுத்த மாதம் லீமா மாநாடு அந்த வாலை ஏற்றது. 2015 டிசம்பர் 12இல் பாரிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் விதியில் அது நிலைபெற்றது. இங்கே ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘டிஃபரன்ட்’தான் என்பதைக் கவனிக்கவேண்டும். சூழ்நிலைகள் விரல்களைப் போல வேறுபட்டவை. அவற்றை யாரும் வேறுபடுத்தவில்லை. எனவே யாரையும் காரணம் கேட்க வழியில்லை. செயப்பாட்டுவினையாய் இருந்தபோது எழுவாய் மறைந்துதான் இருந்தது, தேடினால் கிடைத்தது. இப்போது தேடவும் இடமில்லை.

பாரிஸில் நடந்த மற்றொரு செய்தி தமிழாசிரியர்க்கென்றே நடந்தது போலும். நான்காம் விதியின் நான்காம் பிரிவு, வளர்ந்த நாடுகள் தம் பொருளாதாரம் முழுவதற்குமான புகைக் குறைப்பு இலக்குகளை மேற்கொள்வது பற்றியது. இறுதி வரைவில் வளர்ந்த நாடுகளுக்கு ‘ஷல்’ என்றும், வளரும் நாடுகளுக்கு ‘ஷுட்’ என்றும் அச்சாகியிருந்தது. முன்னது சட்டக் கட்டளை, பின்னது அறவுரை. அமெரிக்க வழக்கறிஞர்கள் அதைக் கண்டனர். இச்சொல் நின்றால் மேலவையின் ஒப்புதல் வேண்டியிருக்கும், அது கிடைக்காது, ஆகவே தாம் ஏற்கமுடியாது என்று அமைச்சர் ஜான் கெர்ரி கூறினார். பல மணி நேரம் கூட்டம் காத்திருந்தது. பின்னர்ச் செயலகம் சில அச்சுத் திருத்தங்களைப் படித்தது; அவற்றினிடையே ‘ஷல்’ என்பது ‘ஷுட்’ ஆயிற்று. தலைமை தாங்கிய பிரெஞ்சு அமைச்சர் லோரான் ஃபபியூஸ் சுத்தியலைத் தட்டினார்.

இதைத் தமிழில் மொழிபெயர்க்கப் பாருங்கள். இரண்டுக்கும் நாம் ‘வேண்டும்’ என்றே எழுதுவோம். ‘குறைக்க வேண்டும்’ என்பது கட்டளையா, அறிவுரையா என்று நம் வாக்கியம் காட்டாது. பாரிஸ் உடன்படிக்கையின் இதயத்தில் நடந்த மாற்றம் தமிழ் வாசகனுக்கு மாற்றமாகவே தெரியாது! நம் சட்டத் தமிழில் ‘செய்தல் வேண்டும்’ என்ற வடிவம் கட்டளைக்கு வழங்குகிறது. அதைக் கட்டளைக்கே ஒதுக்கி, அறவுரைக்குச் ‘செய்தல் தகும்’ என்று எழுதினால் வேற்றுமை விளங்கும். செயற்கை என்பார் சிலர். சில நாள் வழங்கினால் செயற்கை தேய்ந்துபோகும். பொருள் தேய்ந்தால் மீட்பது அரிது.

பாரிஸில் கட்டளையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தயாரித்து அறிவித்தல் கட்டளைதான். அதில் உள்ளதை அடைதல் கட்டளையன்று. தேர்வு எழுதுவது கட்டாயம்; தேறுவது கட்டாயமன்று; வினாத்தாளையும் அவரவரே எழுதிக்கொள்ளலாம். இத்தனை தளர்த்தியதால் அமெரிக்கா உள்ளே வந்ததே என்று இதனை ஆதரிப்போர் கூறுவர். வந்தது; 2020இல் போனது; 2021இல் திரும்பிற்று; 2025 ஜனவரி 20இல் மறுபடியும் விலகல் ஆணை பிறந்தது. சொல்லை விற்று வாங்கிய நட்பு இவ்வளவு நாள்தான் நின்றது. இழப்பும் சேதமும் பற்றிய எட்டாம் விதி இழப்பீட்டுப் பொறுப்புக்கு அடிப்படையாகாது என்றும் பாரிஸ் முடிவிலே எழுதிவைத்தனர். 1992இல் தனிக் குறிப்பாக இருந்தது 2015இல் உலகத்தின் முடிவாயிற்று.

2021இல் கிளாஸ்கோவில் நடந்ததை ஏடுகள் பெரிதாக எழுதின. நிலக்கரியைப் படிப்படியாக ‘ஒழித்தல்’ என்று இருந்ததை, இறுதிக் கூட்டத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் ‘குறைத்தல்’ என்று மாற்றச் செய்தார். தலைவர் அலோக் சர்மா குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்டார். பழி முழுவதும் இந்தியாவின்மேல் விழுந்தது. ஆனால் ‘குறைத்தல்’ என்ற சொல் அதற்கு மூன்று நாள் முன்பே அமெரிக்க – சீனக் கூட்டறிக்கையில் இருந்தது. அதைப் பற்றிக் கண்ணீர் விட்டார் இல்லை. தவிரவும், வாக்கியத்தில் நிலக்கரி இருந்தது. எண்ணெயும் எரிவாயுவும் அப்பெயர்களில் இல்லை. ஏழை நாட்டின் எரிபொருளுக்கு மட்டும் பெயர் குறிக்கும் வாக்கியத்தில் வேறுபடுத்தல் தலைகீழாக நிற்கிறது. இந்தியாவின் குறை நியாயமானது. அது தேடிய மருந்துதான் தவறு. விடுபட்ட பெயர்களைச் சேர்க்கச் சொல்லியிருக்கவேண்டும். இருந்த வினையை மெலிவித்திருக்கலாகாது. மறு ஆண்டு எகிப்தில் எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் சேர்க்க இந்தியாவே முயன்றது, நிறைவேறவில்லை. 2023இல் துபாயில்தான் ‘புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்லுதல்’ என்று எழுத முடிந்தது.

பணத்தின் வரலாறும் வினைச்சொல்லின் வரலாறே. 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி அமெரிக்க வெள்ளி ‘திரட்டுவோம்’ என்று 2009இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் கூறின. அவர்களே வைத்த கணக்கின்படி அது நிறைவேறியது 2022இல். அரசுகள் தந்ததில் பெரும்பகுதி கடன். 2024இல் பாக்குவில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1 இலட்சத்து 30 ஆயிரம் கோடி வெள்ளி; கிடைத்த வாக்குறுதி 2035க்குள் 30,000 கோடி. அதுவும் ‘கொடுத்தல்’ அன்று. வளர்ந்த நாடுகள் ‘முன்னின்று’, எல்லா வழியிலும் ‘திரட்டுதல்’. தனியார் இலாபத்துக்காக இடும் முதலும் இதில் சேரும். சுத்தியல் விழுந்த பின்னர் இந்தியப் பேராளர் சாந்தினி ரெய்னா எழுந்து இதை ஏற்கமுடியாது என்றார். அது பதிவாயிற்று, முடிவு மாறவில்லை.

இவ்வளவு தேய்ந்த பின் ஒரு நல்ல உரை வந்திருக்கிறது. பசிபிக் தீவான வனுவாட்டு முன்னின்று முயன்றதன் பயனாக, 2023 மார்ச்சில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை அனைத்துலக நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2025 ஜூலை 23இல் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தனர். பங்களிப்பை எழுதிக்கொள்வதில் நாடுகளுக்குள்ள விருப்புரிமை வரம்புடையது என்றனர். ஒரு நாடு காட்டவேண்டிய கவனத்தை அளக்கும்போது, அது இதுவரை வெளியிட்டுக் குவித்த புகையும், அதன் வளர்ச்சி நிலையும், சூழ்நிலையும் எண்ணப்படும் என்றனர். பாரிஸில் ஒட்டிய வால் கொள்கையின் உள்ளீட்டை மாற்றவில்லை; ஒரு நாடு வளர்ந்ததா வளர்வதா என்பது என்றும் நிலைத்ததன்று, அவ்வப்போதைய நிலை பார்த்து முடிவு செய்யவேண்டியது என்பதையே அது காட்டுகிறது என்றனர். உரைகாரரின் திறம் இதுதான். நழுவவிடச் சேர்த்த அடைமொழியையே பற்றுக்கோடாகப் பிடித்து, பாயிரத்தில் விடப்பட்ட வரலாற்றை விதிக்குள் அழைத்து வந்துவிட்டனர். உறைந்த பட்டியலையும் உருக்கினர். இக்கருத்து யாரையும் நேரே கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் இனி எந்த நீதிமன்றத்திலும் இத்தொடருக்குப் பொருள் சொல்வோர் இதைத் தாண்டிப் போக இயலாது.

இவ்வுரை வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் மட்டும் உரியது என்று நாம் இருந்துவிடலாகாது. நிலை நிலையற்றது என்றால், நம் நாடுகளின் வாசகங்களையும் அதே கண்ணாடியில் பார்க்கவேண்டும். மலேசியா 2021இல் அறிவித்த வாசகம், 2030க்குள் பொருளாதார அளவுக்கு ஒப்பிட்ட புகைச் செறிவை 2005ஆம் ஆண்டை நோக்க 45 விழுக்காடு குறைப்பது. ‘குறைப்பு’ என்ற சொல் கண்ணில் படும். ‘செறிவு’ என்ற சொல் படாது. பொருளாதாரம் இரு மடங்காகிச் செறிவு 45 விழுக்காடு குறைந்தால் மொத்தப் புகை 10 விழுக்காடு கூடும், கணக்காசிரியரைக் கேட்டுக்கொள்ளலாம். வளரும் நாட்டுக்கு இது ஏற்றதே. ஆனால் குறைப்பு என்று பாடம் சொல்லும்போது எதன் குறைப்பு என்பதையும் சொல்லவேண்டும். சிங்கப்பூர் மொத்த அளவுக்கே இலக்கு வைத்திருக்கிறது. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரியை 2024இல் 25 வெள்ளியாக உயர்த்திற்று. தன் பட்டியல் கேட்டதைவிட அது மிகுதியாகச் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

கணக்கில் வராத ஒன்றும் நம் துறைமுகத்திலேயே நிற்கிறது. உலகிலேயே மிகுதியாகக் கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர். 2024இல் இங்கு விற்ற கப்பல் எரிபொருள் 5 கோடி டன்னுக்கு மேல். அந்தப் புகை சிங்கப்பூரின் கணக்கிலும் இல்லை, வாங்கிச் சென்ற கப்பலின் கொடி நாட்டுக் கணக்கிலும் இல்லை. நடுக்கடலில் எழும் புகைக்கு எந்த நாடும் எழுவாய் அன்று. கியோட்டோ நெறிமுறை அதை அனைத்துலகக் கடல்துறை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அங்கே பழைய மரபு வேறு: கப்பல்களிடையே கொடி பார்த்துச் சலுகை காட்டுவதில்லை. வேறுபடுத்தும் கொள்கையும் வேறுபடுத்தாக் கொள்கையும் அங்கே நேருக்கு நேர் மோதின. 2025 ஏப்ரலில் கப்பல் புகைக்கு உலகளாவிய விலை வைக்கும் ஓர் ஏற்பாட்டுக்குக் குழு இசைந்தது. அக்டோபரில் அதை ஏற்கக் கூடியபோது, ஏற்பதா மறுப்பதா என்று வாக்கெடுக்காமல், பேச்சை ஓராண்டு ஒத்திவைப்பதற்கு வாக்கெடுத்துக் கலைந்தனர்.